வட்டலப்பத்தில் துளையும் புகை வாசமும் வரவைப்பது எப்படி?

அஞ்சடி மகன் | வெள்ளி, இரவு 10:12

வணக்கம். இப்போது இருப்பது கோலாலம்பூர், கெப்போங் பக்கம். பிறந்து வளர்ந்தது பினாங்கில், சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில். எங்களுக்கு அடுத்த கடைவீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம், ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரர்கள். நோன்புப் பெருநாள் காலையில் அந்த வீட்டு மாமி அஞ்சடி (கடைவீடுகளின் முன்னால் ஓடும் நடைபாதை) வழியாகவே நடந்து வந்து, நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டில் வட்டலப்பம், அதாவது முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆவியில் அவித்த இனிப்பு, கொடுத்துவிட்டுப் போவார். தீபாவளிக்கு அம்மா அதே தட்டில் முறுக்கும் நெய் உருண்டையும் வைத்துத் திருப்பி அனுப்புவார்.

அந்த வட்டலப்பம்தான் எனக்கு வேண்டும். இணையத்தில் கண்ட முறைகளை எல்லாம் செய்து பார்த்தாயிற்று. வருவது நல்ல பலகாரம்தான், குறை சொல்ல முடியாது. வழவழவென்று, கேரமல் புட்டிங் போல வருகிறது. மாமி கொடுத்தது அப்படி இருக்காது. நிறம் கிட்டத்தட்ட கறுப்பு. வெட்டினால் உள்ளே துளைத்துளையாக இருக்கும், துளைக்குள் பாகு நிற்கும். வாயில் வைத்ததும் இனிப்புக்கு முன்னால் ஒரு புகை வாசம் வரும். அப்புறம் ஏதோ ஒரு மசாலா, ஏலக்காய் அல்ல, கொஞ்சம் மூக்கில் ஏறுகிற மாதிரி. முந்திரி கிடையாது. மேலே எண்ணெய் மினுமினுக்கும்.

இது 1976-லிருந்து 82, 83 வரை. மாமியிடம் கேட்க வழியில்லை. 2000-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனதும் எங்கள் வரிசையில் குடியிருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கிளம்பினோம். தொடர்பு விட்டுப்போயிற்று.

இப்போது நான் போடுவது: கோழிமுட்டை 6, குலா மலாக்கா (தென்னஞ்சர்க்கரை) 250 கிராம், பெட்டித் தேங்காய்ப்பால் 200 மில்லி, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. சிறு தீயில் 40 நிமிடம் ஆவியில் வைக்கிறேன். எதை மாற்ற வேண்டும்?

செல்வி சமையல்கட்டு | வெள்ளி, இரவு 10:41

வணக்கம் அண்ணா. என்னிடம் சமையல் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாம் துளை வராமல் செய்வது எப்படி என்றுதான் கேட்பார்கள். துளை வரவைக்க வழி கேட்கும் முதல் ஆள் நீங்கள்தான்.

துளை விழுந்தால் தீ அதிகம் என்று அர்த்தம், அல்லது முட்டையை நுரை வர அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முட்டையைக் கரண்டியால் மெதுவாகக் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, பாத்திரத்தை மூடி, ஆவிச்சட்டியின் மூடியில் துணி கட்டி வைத்தால் கண்ணாடி மாதிரி வரும். நீங்கள் இப்போது செய்வதுதான் சரியான பக்குவம். சிறு வயதில் சாப்பிட்டது எதுவும் இப்போது சாப்பிட்டால் அப்படி இருக்காது, நாக்கு மாறிவிடுகிறது.

பிறைப் பாலம் | வெள்ளி, இரவு 11:20

அண்ணே, அது ஸ்ரீகாயாவாக இருக்கும். ரொட்டியில் தடவுகிற காயா அல்ல, ஆவியில் அவித்துப் புலூட் (ஒட்டரிசி) சோற்றோடு சாப்பிடுவார்களே, அது. மலாய்க்காரர் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். பினாங்கில் இருந்த மாமி அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பார்.

அஞ்சடி மகன் | சனி, காலை 6:30

//நாக்கு மாறிவிடுகிறது//

செல்வி, அதையும் யோசித்தேன். நாக்கு மாறலாம், கண் மாறாது அல்லவா? துளையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். துளைக்குள் விரலை விட்டுப் பாகை நக்கியதற்கு அம்மாவிடம் அடியும் வாங்கியிருக்கிறேன்.

பிறைப் பாலம் தம்பி, ஸ்ரீகாயா தெரியும். அது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும், பாண்டான் இலை வாசம் தூக்கும். இது வேறு. மாமி வாயாலேயே வட்டலப்பம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

காயல் மருமகள் | சனி, காலை 7:05

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் காயல்பட்டினத்தில் பிறந்து பினாங்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் ஊரில் வட்டலப்பம் இல்லாமல் மாப்பிள்ளை விருந்து நடக்காது. முட்டை, பால், இனிப்பு மூன்றும் ஒரே குவளையால் அளப்போம். கிராம் கணக்கெல்லாம் இப்போது வந்தது.

அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்லும் முன் சிலது தெரிய வேண்டும். மாமி வீட்டில் இருந்த சர்க்கரைக் கட்டி எப்படி இருக்கும்? மூங்கிலில் ஊற்றி எடுத்த மாதிரி உருளையாகவா, சிரட்டையில் ஊற்றி எடுத்த மாதிரி கவிழ்த்த கிண்ணமாகவா? அடுப்பு விறகா, கரியா, மண்ணெண்ணெயா, கேஸா? முட்டை ஓடு என்ன நிறம்? இந்த மூன்றும் தெரிந்தால் பாதி விஷயம் முடிந்தது.

பிறகு ஒன்று, பெட்டித் தேங்காய்ப்பாலை விட்டுவிடுங்கள். அதில் பாலும் எண்ணெயும் பிரியாமல் இருக்கப் பொருள் சேர்த்திருப்பார்கள். நீங்கள் சொல்லும் எண்ணெய் மினுமினுப்பு அதில் எப்படி வரும்? சந்தையில் தேங்காய் துருவி வாங்கி, அரைக் குவளை வெந்நீர் தெளித்துக் கையால் பிழிந்த முதல் பால் வேண்டும்.

ரயில்வே பேரன் | சனி, காலை 9:48

நாங்கள் பிரிக்பீல்ட்ஸ். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்குக் குமாஸ்தாவாக வந்தவர். இலங்கையில் வட்டலப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டிதான் போடுவார்கள். கித்துள் என்பது கூந்தல் பனை. அதில் இயற்கையாகவே ஒரு புகை வாசம் உண்டு, நிறமும் கறுப்பு. ஜாதிக்காயும் போடுவார்கள். அங்கே துளை விழுந்ததைத்தான் நல்ல வட்டலப்பம் என்று சொல்கிற வீடுகள் உண்டு, வழவழப்பாக வேண்டும் என்கிற வீடுகளும் உண்டு. ஆகவே செல்வி அக்கா சொல்வது போல அதைத் தப்பு என்று தள்ளிவிட முடியாது.

இன்னொரு விஷயம். டச்சுக்காரர்கள் காலத்தில் ஜாவா பக்கத்திலிருந்து இலங்கைக்குக் கொண்டுபோகப்பட்ட மலாய்க்காரர்கள்தான் இந்தப் பலகாரத்தை அங்கே கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். அப்படியானால் பிறைப் பாலம் சொன்ன ஸ்ரீகாயாவும் இதுவும் ஒரே குடும்பம்தான். இந்தப் பக்கத்திலிருந்து கொழும்புக்குப் போய், அங்கிருந்து ராமநாதபுரம், காயல் என்று கரையேறி, மறுபடியும் கப்பலேறிப் பினாங்குக்கே வந்திருக்கிறது.

பிறைப் பாலம் | சனி, காலை 9:55

பார்த்தீர்களா!

அஞ்சடி மகன் | சனி, மதியம் 1:15

காயல் அக்கா, நன்றி. கேட்ட மூன்றுக்கும் பதில்.

சர்க்கரை கவிழ்த்த கிண்ணம் மாதிரிதான். நன்றாக நினைவிருக்கிறது. வீட்டு வாசற்படியில் வைத்து உலக்கையால் தட்டி உடைப்பார், நானும் மாமியின் மகனும் சிதறுகிற துண்டுக்குக் காத்திருப்போம். பனையோலையில் முடைந்த கூடை ஒன்றில் உமி போட்டு அடுக்கியிருக்கும்.

அடுப்பு கரி. பின்கட்டில் சிமெண்டு மேடை, மேலே கூரை திறப்பு. பெருநாளைக்கு முதல் நாள் மட்டும் விறகும் வைப்பார்கள், பெரிய பெரிய சட்டி ஏற்ற வேண்டும் என்பதால்.

முட்டை ஓடு இலேசான நீலம். நீங்கள் கேட்ட பிறகுதான் அதைப் பற்றி யோசித்தேன்.

காயல் மருமகள் | சனி, மதியம் 2:02

அப்படியானால் வாத்து முட்டை, ஊர்க் கருப்பட்டி, கரி அடுப்பு. குலா மலாக்காவை வைத்துக்கொண்டு நீங்கள் எத்தனை வருடம் செய்தாலும் அந்தச் சுவை வராது அண்ணா. அது தென்னம்பாளைச் சாறு, இது பனம்பாளைச் சாறு. தென்னையில் வெண்ணெய் மாதிரி ஒரு மணம் வரும். பனங்கருப்பட்டியில் மண் வாசமும் இலேசான கரிப்பும் இருக்கும், ஏனென்றால் பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்குவார்கள். பிறகு திறந்த கொப்பரையில் ஓலையும் மட்டையும் எரித்துக் காய்ச்சுவார்கள். அந்தப் புகை கருப்பட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உடன்குடி, கருப்பட்டிக்கே பேர் போன ஊர்.

வாத்து முட்டையில் மஞ்சள்கரு பெரிது. அதனால்தான் கட்டியாக நிற்கும், வெட்டினால் விளிம்பு உடையாது. கவிச்சி வருமே என்று பயப்பட வேண்டாம், கருப்பட்டி அமுக்கிவிடும்.

செல்வி சமையல்கட்டு | சனி, மாலை 4:30

நான் தப்பு என்று சொன்னது தொழில்முறையில். கடைக்குக் கொடுக்கும்போது துளையோடு கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், அது வேறு.

ஆனால் ஒன்று கேட்கிறேன், அண்ணா சொன்ன காலத்தில் பினாங்கில் ஊர்க் கருப்பட்டி அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததா? பக்கத்திலேயே குலா மலாக்கா மலிவாக இருக்கும்போது யார் அதைத் தேடிப் போய் வாங்குவார்கள்?

கப்பலடி | சனி, இரவு 8:19

செல்வி கேட்ட கேள்விக்குப் பதில்: யாரும் தேடிப்போய் வாங்கவில்லை. கப்பலில் வந்தது.

என் தகப்பனார் பினாங்குத் துறைமுகத்தில் வேலை செய்தவர். சிறுவனாகச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய்க் கொடுப்பேன், அதனால் இதைக் கண்ணால் கண்டவன். அந்தக் காலத்தில் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இங்கேயிருந்து போக்குவரத்து என்றால் ரஜூலா கப்பல்தான். 1926-ல் கட்டியது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது, 1973 வரை ஓடியது. அதற்குப் பிறகு இந்திய அரசின் கப்பல் கம்பெனி விட்ட சிதம்பரம். சென்னையிலிருந்து கிளம்பினால் இந்தப் பக்கத்தில் முதலில் பினாங்கு, அப்புறம் கிள்ளான் துறைமுகம், கடைசியில் சிங்கப்பூர்.

கப்பல் வருகிற அன்று வெல்ட் கீ பக்கம் நின்றால் மூக்கே சொல்லிவிடும். கருவாடு, ஊறுகாய், வத்தல், பூண்டு, புதுப்பாய், இவற்றோடு கருப்பட்டிக் கொட்டான் (ஓலைக்கூடை). ஊருக்குப் போய்த் திரும்புகிற ஒவ்வொரு ஆளும் தனக்கு மட்டும் கொண்டுவர மாட்டார். அக்கம்பக்கத்தார், முதலாளி, சம்பந்தி என்று ஆளுக்கொரு கொட்டான் தூக்கிக்கொண்டு இறங்குவார். டெக் பயணிகளுக்குச் சாமான் கணக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. சுங்கத்தில் திறந்து பார்ப்பவர் மலாய்க்காரராக இருந்தாலும் கருப்பட்டி என்றால் தெரியும், ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு அனுப்பிவிடுவார்.

1985 பிப்ரவரியில் சென்னையை நெருங்கும்போது சிதம்பரத்தில் தீ பிடித்தது. பலர் இறந்துபோனார்கள். அதோடு அந்தப் பயணிகள் ஓட்டம் முடிந்தது. பிறகு எல்லாரும் விமானம். விமானத்தில் பெட்டி எடைக்குக் கணக்குப் பார்க்கிறார்கள், யார் கருப்பட்டி தூக்கி வருவார்கள்? சேலையும் நகையும்தான் வந்தன.

அதனால் அஞ்சடி மகன் சொல்வது சரியாக இருக்கும். அவர் சாப்பிட்ட வருடங்கள் எல்லாம் கப்பல் ஓடிய வருடங்கள்.

தங்கச்சிதான் நான் | சனி, இரவு 10:50

இந்த இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன், இதற்கு மேல் பொறுக்க முடியாமல் கணக்குத் திறந்துவிட்டேன். அஞ்சடி மகனின் சொந்தத் தங்கை. அண்ணன் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்.

நான் 1979-ல் பிறந்தவள். மாமி கொடுத்த வட்டலப்பத்தை நானும் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன், எனக்குப் பதினைந்து வயது வரைக்கும். அது கறுப்பும் இல்லை, துளையும் இல்லை. பழுப்பு நிறம், வழவழவென்று இருக்கும், பாண்டான் இலை வாசம் வரும். மாமி அடுப்பு கேஸ் அடுப்பு. சர்க்கரை உருளை உருளையாகப் பிளாஸ்டிக் பையில் இருக்கும், சௌரஸ்தா சந்தையில் மாமியோடு போய் நானே வாங்கியிருக்கிறேன். அண்ணன் ஒவ்வொரு பெருநாளுக்கும் இந்தச் சண்டையைக் கிளப்புவார். அவருக்கு நினைவு குழம்பிவிட்டது என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கப்பலடி ஐயா எழுதியதைப் படித்த பிறகு கொஞ்சம் யோசனையாக இருக்கிறது.

அஞ்சடி மகன் | சனி, இரவு 11:02

இவளா! அம்மா, நீ இங்கே என்ன செய்கிறாய்?

85-க்கு நான் தைப்பிங்கில் வேலைக்குப் போய்விட்டேன். பெருநாளைக்கு வீட்டில் இருந்ததே இல்லை. நீ சாப்பிட்டதை நான் சாப்பிடவில்லை, நான் சாப்பிட்டது உனக்கு நினைவிருக்காது. இத்தனை வருடம் இதற்கா சண்டை போட்டோம்?

கெமிஸ்ட்ரி வாத்தியார் | ஞாயிறு, காலை 8:20

சர்க்கரை விவகாரம் தீர்ந்ததுபோல இருக்கிறது. துளை விவகாரத்துக்கு நான் வருகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர், சமையல் மனைவியின் துறை, ஆனால் இது வேதியியல்.

முட்டையின் வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறுகத் தொடங்கும், மஞ்சள்கரு அதற்குச் சற்று மேலே. பாலும் சர்க்கரையும் சேர்த்து நீர்த்துப்போன கலவை இறுக 80, 85 வரை போக வேண்டியிருக்கும். அந்த இடத்தில் நிறுத்தினால் செல்வி சொல்லும் கண்ணாடி வட்டலப்பம். தாண்டிப் போனால் இறுகிய முட்டைப் புரதம் இன்னும் சுருங்கி, தன்னிடம் பிடித்துவைத்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அதே நேரம் உள்ளே இருக்கும் காற்றும் நீராவியும் குமிழாக ஊதும், குமிழைச் சுற்றி முட்டை இறுகித் துளையாக நின்றுவிடும். வெளியே தள்ளப்பட்ட நீர் சும்மா நீர் அல்ல, கருப்பட்டி கரைந்த நீர். அது துளைக்குள் இறங்கி நிற்கும். அஞ்சடி மகன் விரலால் நக்கியது அதைத்தான்.

கரி அடுப்பில் தீயைக் குறைக்கத் திருகு கிடையாது. தண்ணீர் கொதித்துக்கொண்டேதான் இருக்கும். பெருநாளைக்கு முதல் நாள் விறகும் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். பத்து வீட்டுக்குத் தட்டு அனுப்ப வேண்டியவர் மூடியில் துணி கட்டி, தீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? கேஸ் வந்த பிறகு தீ அடங்கியது, துளையும் போயிற்று. தங்கை சாப்பிட்டது அது.

ஆகவே துளை வேண்டுமென்றால் சிறு தீயை விடுங்கள். முட்டையைக் கொஞ்சம் நுரைக்க அடியுங்கள், தண்ணீரை நன்றாகக் கொதிக்க விடுங்கள், பாத்திரத்தைக் கெட்டியாக மூடுங்கள்.

செல்வி சமையல்கட்டு | ஞாயிறு, காலை 9:10

வாத்தியார் ஐயா, நான் செய்யாதே என்று சொன்ன ஒவ்வொன்றையும் செய்யச் சொல்கிறீர்கள் :)

சரி, அப்படித் தவறச் செய்வதற்கும் ஒரு அளவு இருக்கிறது. நன்றாகக் கொதிக்க விட்டால் ஓரம் ரப்பராகி நடுவில் வேகாமல் நிற்கும். அதனால் பாத்திரம் ஆழமாக இருக்கக் கூடாது. எனாமல் தட்டு என்றாரே, அதுதான் சரி. கலவை இரண்டு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்து நிமிடம் நடுத்தரத் தீயில் வைத்து, மேலே தோல் கட்டத் தொடங்கியதும் தீயைக் கூட்டுங்கள். துளை நடுவில் விழும், மேற்பரப்பு சமமாக இருக்கும்.

இன்னொன்று. கருப்பட்டிப் பாகைச் சூடாக முட்டையில் ஊற்றாதீர்கள், நூல் நூலாகத் திரிந்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற வேண்டும்.

ரயில்வே பேரன் | ஞாயிறு, காலை 11:35

மசாலா பற்றி யாரும் பேசவில்லையே. ஏலக்காய் அல்ல, மூக்கில் ஏறும் என்றால் ஜாதிக்காய்தான். பினாங்கில் அதற்கா பஞ்சம்! 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கன்று கொண்டுவந்து பினாங்கில் நட்டது. இன்றைக்கும் பாலிக் பூலாவ் மலைச்சரிவில் தோட்டம் இருக்கிறது. ஜாதிக்காய் ஊறுகாயும் சர்பத்தும் விற்காத பினாங்குக் கடை உண்டா? ஊரில் மாமி ஏலக்காய் போட்டிருப்பார். இங்கே வந்த பிறகு பக்கத்தில் கிடைத்ததைப் போட்டிருப்பார். கொட்டையை அப்போதைக்கப்போது துருவிப் போடுங்கள், பொடி வாங்காதீர்கள்.

தங்கச்சிதான் நான் | ஞாயிறு, மதியம் 12:10

ஜாதிக்காய் என்றதும் நினைவு வந்தது. மாமியின் துருவல் ஒன்று, தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டுச் செய்தது, சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கும். அதில் நான் விரலைக் கீறிக்கொண்டிருக்கிறேன். ஆக, நான் சாப்பிட்டதிலும் ஜாதிக்காய் இருந்திருக்கிறது. பாண்டான் வாசத்தில் எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

சுங்கைபட்டாணி அக்கா | ஞாயிறு, மாலை 5:25

கருப்பட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போது வருகிறதில் பாதி கரும்புச் சீனி கலந்தது, குலா மலாக்காவிலும் இதே கதைதான். கடித்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கி, உள்ளே பளபளவென்று இருந்தால் சீனி கலந்தது. நல்ல கருப்பட்டி மங்கலாக இருக்கும். நாக்கில் வைத்தால் சுள்ளென்ற இனிப்பு வராது, முதலில் இலேசான கரிப்பு தட்டும். கரைத்து வடிகட்டினால் அடியில் மண்ணும் தூசியும் நிற்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அதுதான் நல்லதுக்கு அடையாளம்.

கெடா பக்கம் நீப்பா மரச் சர்க்கரை கிடைக்கும், நாங்கள் நீசான் என்போம். அதிலும் கரிப்பு இருக்கும், சதுப்பு நிலத்து மரம் அல்லவா. கருப்பட்டி கிடைக்காதவர்கள் குலா மலாக்காவுக்குப் பதில் அதைப் போட்டுப் பாருங்கள். புகை மட்டும் குறையும்.

அஞ்சடி மகன் | அடுத்த சனி, இரவு 9:30

செய்தாயிற்று. யாரும் கேட்காவிட்டாலும் விவரமாக எழுதுகிறேன்.

கருப்பட்டி மஸ்ஜித் இந்தியா தெருவில் ஒரு கடையில் கிடைத்தது. முதலில் காட்டியது பளபளப்பு, சுங்கைபட்டாணி அக்கா சொன்னதை நினைத்து வேண்டாம் என்றேன். கடைக்காரர் உள்ளே போய் வேறொன்று எடுத்துவந்தார், உமி ஒட்டிக்கொண்டிருந்தது. வாத்து முட்டை காலைச் சந்தையில். தேங்காய் இரண்டு, துருவி வாங்கிக் கையால் பிழிந்தேன். மிஷினில் பிழிந்து தருகிறேன் என்றார்கள், தண்ணீர் சேர்ப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

வாத்து முட்டை 5. கருப்பட்டி 300 கிராம், கால் குவளைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி ஆறவைத்தேன். துணியில் நின்ற மண்ணைப் பார்த்து மகள் ஓடிவிட்டாள். முதல் பால் 300 மில்லி. ஜாதிக்காய் அரைக் கொட்டை துருவினேன், கொஞ்சம் அதிகம், கால் போதும். உப்பு போடவில்லை, கருப்பட்டியிலேயே இருக்கிறது. முட்டையை முள்கரண்டியால் நுரைக்க அடித்தேன்.

வீட்டுக்குப் பின்னால் கரி அடுப்பு மூட்டி, பெரிய சட்டியில் எனாமல் தட்டை வைத்தேன். முதல் பத்து நிமிடம் கரியைப் பரப்பி வைத்தேன், பிறகு ஒன்றாகக் கூட்டி விசிறினேன். மொத்தம் 45 நிமிடம். மூடியைத் திறந்தபோது மேலே கறுப்புத் தோல், சுற்றிலும் எண்ணெய் வளையம். சூட்டோடு வெட்டக் கூடாது என்று காயல் அக்கா தனிச்செய்தியில் சொல்லியிருந்தார். இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் வெட்டினேன்.

துளை விழுந்திருக்கிறது. நடுவில் நிறைய, ஓரத்தில் குறைவு. பாகு நிற்கிறது. புகை வாசம் முதலில் வருகிறது, அப்புறம்தான் இனிப்பு. இதுதான். மாமியுடையது இதைவிடக் கொஞ்சம் இளகலாக இருக்கும் என்று படுகிறது, அடுத்த தடவை பாலைக் கூட்டிப் பார்க்கிறேன்.

தங்கச்சிதான் நான் | அடுத்த சனி, இரவு 9:52

நானும் சாப்பிட்டேன், இன்று மதியம் அண்ணன் வீட்டில். நன்றாக இருக்கிறது. ஆனால் மாமி வட்டலப்பம் இது இல்லை. என்னுடையதை நான் அடுத்த வாரம் செய்கிறேன், குலா மலாக்கா, பாண்டான், கேஸ் அடுப்பு, செல்வி அக்கா முறையில் துணி கட்டி. அண்ணன் வந்து சாப்பிட்டே ஆக வேண்டும்.

காயல் மருமகள் | அடுத்த சனி, இரவு 10:15

மாஷா அல்லாஹ். இளகலாக வேண்டுமென்றால் பாலைக் கூட்டாதீர்கள் அண்ணா, ஒரு முட்டையைக் குறையுங்கள்.

பிறைப் பாலம் | ஞாயிறு, காலை 7:40

கரி அடுப்பெல்லாம் அடுக்குமாடியில் முடியாது. ரைஸ் குக்கரில் வைத்தால் வருமா?

செல்வி சமையல்கட்டு | ஞாயிறு, காலை 8:05

வரும். ஆவித்தட்டு வைத்து, கீழே இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றி, சோறு வைக்கிற பட்டனையே அழுத்துங்கள். அதில் தீயைக் குறைக்க முடியாது, அதனால் துளை தானாகவே விழும். தண்ணீர் வற்றி 'வார்ம்' (சூடாக வைக்கும்) நிலைக்குப் போனதும் எடுத்துவிடுங்கள், உள்ளே விட்டால் அடி வறண்டுவிடும். தட்டு சின்னதாக இருக்கட்டும், பக்கவாட்டில் ஆவி ஏற ஒரு விரல் இடம் வேண்டும்.